ஒரு சாண் குறைந்த கட்டில்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வங்கிக்காரன் அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். மாட்டை உள்ளே கட்டிப்போட்டுவிட்டு, கொடுத்தவனை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுவான்.

வண்டிக்காரருக்கு இது தெரியாது. வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கியே மூப்படைந்தவர் அவர். ஊரார் பீரோவுக்கெல்லாம் முதுகைக் கொடுத்து முதுகு வளைந்துபோயிருந்தது. சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். அதை விற்றுத்தான் மகளுக்குப் பணம் கொடுத்தார். வண்டி போன பிறகும் வண்டிக்காரர் என்ற பேர் போகவில்லை. அதை வாங்க ஆள் வரவில்லை.

மகள் வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரையெல்லாம் மேலே அனுப்பிவிட்டுத் தான் குழிக்குள் நிற்கிற பிழைப்பு. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் வாடகை வீடுதான். வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லும்போதெல்லாம் சாமான் ஏற்றியது வண்டிக்காரர்தான். கடைசித் தடவை தையல் மெஷினைத் தோளில் வைத்து இறங்கும்போது மகள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆணி அடிச்சாலும் திட்றாங்கப்பா. அடிச்ச ஆணியப் புடுங்கினாலும் திட்றாங்க. என் வீடுன்னு ஒரு செவுத்துல ஒரே ஒரு ஆணி அடிக்கணும்ப்பா."

ஆணிக்காகத்தான் வண்டி போனது.

வீட்டு விலையில் ஒரு பங்கை நாம் முதலில் கட்டினால்தான் மிச்சத்தை வங்கி கடனாகக் கொடுக்கும். உள்ளவனுக்குத்தான் கடன் என்பது பழைய நீதி. மகளும் மாப்பிள்ளையும் சேர்த்தது பாதிக்கும் வரவில்லை. வண்டிக்காரர் பணத்தைப் பாத்திரம் சுற்றும் பழைய கம்பளியில் சுற்றிக்கொண்டு போய் மகளின் சமையல் மேடையில் வைத்தார். "இந்தா, இத வச்சுக்கம்மா" என்றார். மகள் அழுதாள். மாப்பிள்ளை, "மாமா... மாமா..." என்றார். அதோடு முடிந்தது என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் வண்டிக்காரர் சொல்லவில்லை. வீடு பார்க்க அவரையும் கூட்டிப்போயிருந்தார்கள். பின்பக்கம் ஒரு குட்டி அறை. ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மகளும் மாப்பிள்ளையும் சமையலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தபோது, இவர் அந்த அறைக்குள் நின்று கையை விரித்து அளந்தார். பொருள் ஏற்றுகிறவனுக்குக் கண்ணே அளவுகோல். தன் இரும்புக் கட்டில் நீளவாக்கில் ஒரு சாண் இடிக்கும் என்று தெரிந்தது. குறுக்கே போட்டால் கதவு திறக்காது.

மறுநாளே கட்டிலை வெல்டிங் கடைக்குத் தூக்கிப்போய் ஒரு சாண் வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தார். "குழந்தைக்கா?" என்று வெல்டர் கேட்டதற்கு ஆமாம் என்றார். அன்றிலிருந்து டயர் கடை மாடியில் இருந்த தன் வாடகை அறையில் கால் இரண்டும் வெளியே தொங்கத்தான் படுத்தார். மகள் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். கூப்பிடாமல் கட்டிலை வெட்டியவன் என்று தெரிந்தால் மானம் போகும் என்று வாயைத் திறக்கவில்லை.

வங்கியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

வங்கியில் பரிசுப் பிரிவு என்று ஒரு அறை. அதில் பரிசு அதிகாரி என்று ஒருவர். கண்ணாடி மேசை, அதன்மேல் இன்னொரு சின்னக் கண்ணாடி மேசை. எதற்கென்று கடைசிவரை தெரியவில்லை.

"நீங்க குடுத்தது கடனா, பரிசா?" என்றார் அதிகாரி.

"எம் மவளுக்குக் குடுத்தேன் சார்."

"யாருக்குன்னு கேக்கல. என்னதுன்னு கேக்கறேன்."

"பணந்தான் சார்."

அதிகாரி பேனாவை மூடி, திறந்தார். "பெரியவரே, நான் விளக்கிடறேன். இந்த வங்கி பொறந்ததுலருந்து எதிர்பார்ப்பு இல்லாம யாருக்கும் எதையும் குடுத்ததில்ல. சுவர்க் காலண்டர்கூட கணக்கு இருக்கிறவங்களுக்குத்தான். அப்படியிருக்க, ஒருத்தர் சும்மா குடுத்தேன்னு வந்து நின்னா, எங்களுக்கு அத எந்தப் பெட்டில போடறதுன்னு தெரியல. அதான் கேக்கறோம். உங்களுக்கு எதிர்பார்ப்பு எதாவது இருக்கா?"

வண்டிக்காரருக்குக் கட்டில் ஞாபகம் வந்தது. "இல்ல சார்" என்றார். காது சூடாகியது.

"மக வீட்டுக்குப் போனா சாப்பாடு போடுவாங்களா?"

"போடும் சார்."

"போகும்போது கையில எதாவது வாங்கிட்டுப் போவீங்களா?"

"பழம் வாங்கிட்டுப் போவேன்."

"அப்ப சரி. சாப்பாட்டுக்குப் பழம் நேராயிடுது." அதிகாரி குறித்துக்கொண்டார். "மரியாதை எதிர்பார்ப்பீங்களா? மாப்பிள்ளை எழுந்து நிக்கணும், அந்த மாதிரி?"

"அவரு பாதி நேரம் லிஃப்ட் குழிக்குள்ளதான் சார் நிப்பாரு."

"நல்லது. வீட்ல வந்து தங்கற எண்ணம்?"

வண்டிக்காரர் இரண்டு கண்ணாடி மேசையையும் பார்த்தார். இரண்டிலும் அவர் முகமே தெரிந்தது. "எதுக்கு சார் அது?" என்றார்.

"முக்கியமான கேள்வி பெரியவரே. நாளைக்கு உங்க மக தவணை கட்டலன்னு வைங்க. நாங்க பூட்டு எடுத்துட்டு வருவோம். உள்ள ஒரு வயசானவர் படுத்திருந்தா எங்க ஆளுங்களுக்கு மனசு கஷ்டமாயிடுது. போன வருஷம் ஒருத்தன் அழுதே அழுதுட்டான், ரெண்டு நாள் லீவு குடுக்க வேண்டியதாப் போச்சு. ஊழியர் நலன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"தங்கற எண்ணம் இல்ல சார்" என்றார் வண்டிக்காரர். அழுத அந்த ஊழியனை நினைத்து அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அத்தோடு விட்டார்களா? கொடுத்த விதம் செல்லாது என்றார்கள். சமையல் மேடையில் வைத்ததை வங்கி பார்க்கவில்லை. வங்கி பார்க்காதது நடக்கவில்லை. ஆகவே மகள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்பா அதை வங்கியில் வைத்து, வங்கி பார்க்க, மறுபடி கொடுக்க வேண்டும்.

மகள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். கூட்டம் டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரிய கூடத்தின் நடுவில் இரண்டு பேரையும் நிறுத்தினார்கள். வண்டிக்காரர் கம்பளிச் சுருட்டை நீட்டினார்.

"நிறுத்துங்க. முகத்துல மலர்ச்சி இல்ல" என்றார் பரிசு அதிகாரி. "வற்புறுத்தி வாங்கின மாதிரி இருக்கு."

மறுபடி நீட்டினார். சிரித்தார். பல் இல்லாத இடத்தில் காற்று போனது.

"இது ரொம்ப ஜாஸ்தி. எதையோ எதிர்பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு. அம்மா, நீங்க அழாதீங்க. வாங்கறவங்க அழுதா கடன்னு அர்த்தம்."

"நான் அழல சார். கண்ல தூசி."

"தூசிய வீட்ல துடைச்சிட்டு வந்திருக்கணும்மா."

மூன்றாவது தடவை கொடுக்கும்போது வண்டிக்காரரின் கண் ஒரு விநாடி பணத்தின் பின்னாலேயே போனது. விற்ற அன்று தள்ளிப்போன வண்டியின் பின்கதவு ஞாபகம். "கொடுத்த பொருளைக் கொடுத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள். நாலாவது தடவை சரியாக வந்தது. டோக்கன் வைத்திருந்தவர்களில் ஒருவர் கை தட்டினார். யாரோ, "பிச்சையெடுக்கிறதுக்குக்கூட இவ்ளோ ஒத்திகை கெடையாது" என்றார்கள். மகள் தலையைக் குனிந்தபடியே வெளியே போனாள். பஸ் ஏறும்போது அவள், "சாப்ட்டீங்களாப்பா?" என்றாள். சாப்பிட்டேன் என்றார். சாப்பாடு என்றாலே இப்போது பழம் வாங்க வேண்டுமோ என்று ஒரு பயம் வந்திருந்தது.

அடுத்த வாரம் டயர் கடை மாடிக்கு ஒரு ஆள் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் டார்ச். பட்டப்பகல்.

"எதிர்பார்ப்பு ஆய்வு" என்றார்.

"எதிர்பார்ப்பு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேனே தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் எழுதிக் குடுக்கறாங்க. எதிர்பார்ப்பு வாயில இருக்காது பெரியவரே. வீட்ல இருக்கும். போன மாசம் ஒரு அம்மா ஒண்ணுமே எதிர்பார்க்கலன்னாங்க. அலமாரியத் திறந்தா பேரக் குழந்தைக்குப் பின்னின ஸ்வெட்டர். கடன் போச்சு."

ஆய்வாளர் டிரங்குப் பெட்டியைத் திறந்து மோந்தார். இரண்டு டம்ளர் இருப்பதைப் பார்த்து, "ரெண்டு எதுக்கு?" என்றார். ஒன்று செத்துப்போன பொண்டாட்டியுடையது என்றதும், "அவங்களுக்கு எதிர்பார்ப்பு இருக்க வாய்ப்பில்ல" என்று விட்டுவிட்டார். பிறகு கட்டில்மேல் உட்கார்ந்தார். எழுந்தார். டார்ச் அடித்தார். புது வெல்டிங் பற்று பளபளத்தது. கீழே சிமெண்டுத் தரையில் பழைய கால் தேய்ந்த இரண்டு பள்ளம். கட்டில் கால் இப்போது அவற்றுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றது.

"இது ஏன் வெட்டியிருக்கு?"

வண்டிக்காரர் எத்தனையோ பேர் வீட்டுக்குள் புகுந்து அவர்கள் கட்டிலைப் பிரித்தவர். கட்டிலைப் பிரிக்கும்போது வீட்டுப் பொம்பளைகள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"துருப்பிடிச்சிருந்துச்சு" என்றார்.

ஆய்வாளர் நம்பவில்லை. அந்த உத்தியோகத்துக்கு நம்பாதவனாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

கூப்பிட்டார்கள். இந்தத் தடவை மேலாளர் அறை. மேலாளர், பரிசு அதிகாரி, ஆய்வாளர் ஒரு பக்கம். வண்டிக்காரர், மகள், மாப்பிள்ளை இன்னொரு பக்கம். மாப்பிள்ளை சீருடையிலேயே வந்திருந்தார். கையில் கிரீஸ்.

மேலாளர் எழுந்து நின்று பேசினார். "இந்த வங்கி குடும்பங்களை மதிக்கிறது. குடும்பம் இல்லையென்றால் ஜாமீன் யார் போடுவார்கள்? பாசத்தை நாங்கள் என்றும் தடுத்ததில்லை, முறைப்படுத்துகிறோம், அவ்வளவுதான். முறைப்படுத்தாத பாசம் வாராக் கடனுக்குச் சமம்." உட்கார்ந்து, "படிங்க" என்றார்.

ஆய்வாளர் படித்தார். "நன்கொடையாளர் தன் கட்டிலை, வாங்கப்படவிருக்கும் வீட்டின் பின் அறை அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறார். அந்த அறையை அளந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். விரற்கடை பிசகவில்லை. எனவே நன்கொடையாளர் அங்கே படுக்க எதிர்பார்க்கிறார்."

மகள் மெதுவாகத் திரும்பி, "அப்பா?" என்றாள்.

வண்டிக்காரர் செருப்பைப் பார்த்தார்.

"இதுல இன்னொரு சிக்கல்" என்றார் பரிசு அதிகாரி. "அந்தப் பின் அறைய வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்துல தவணைல ஒரு பகுதி கட்டறதா உங்க மாப்பிள்ளை எழுதிக் குடுத்திருக்கார். அத நம்பித்தான் கடன் தொகைய நிர்ணயிச்சிருக்கோம். ஒரே அறைல வாடகைக்காரரும் நன்கொடையாளரும் படுக்க முடியாது. அறை தாங்காது."

இப்போது செருப்பைப் பார்ப்பது மாப்பிள்ளை முறை. "சம்பளம் மட்டும் பத்தாதுன்னாங்க மாமா" என்றார் செருப்பிடமே. "அவகிட்டயும் சொல்லிட்டுத்தான் எழுதினேன்."

மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் அப்பாவைக் கூப்பிடவில்லை. மகள், மாப்பிள்ளை, தான் என்று மூன்று பேரையும் வண்டிக்காரர் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தார். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ளவும் உரிமை வேண்டும்; அதையும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

"எதிர்பார்ப்பு இருந்தா இது பரிசு இல்ல. பரிசு இல்லன்னா முன்பணம் இல்ல. முன்பணம் இல்லன்னா வீடு இல்ல" என்றார் மேலாளர். "சொல்லுங்க பெரியவரே. கட்டில எதுக்கு வெட்டினீங்க?"

மகள் அடிக்காத ஆணி அவர் தொண்டையில் நின்றது.

"நான் குட்டையாயிட்டேன் சார்" என்றார் வண்டிக்காரர்.

"என்னது?"

"வயசாச்சு. பீரோ தூக்கித் தூக்கி ஒடம்பு சுருங்கிடுச்சு. பழைய கட்டில்ல கால்மாட்டுல எடம் சும்மா கெடந்துச்சு. வீணாத்தானேன்னு வெட்டிட்டேன். அந்த ரூம நான் சரியாக்கூடப் பாக்கல சார்."

மேலாளர் பரிசு அதிகாரியைப் பார்த்தார். பரிசு அதிகாரி ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் டேப்பை எடுத்தார். "நிரூபிக்கணும்" என்றார்.

வாடிக்கையாளர் உட்காரும் நீள பெஞ்சில் கட்டிலின் அளவைக் குறித்துச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். படுக்கச் சொன்னார்கள்.

வண்டிக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பெஞ்சில் படுத்தார். கால் கோட்டைத் தாண்டிப் போனது. முழங்காலை மடக்கினார். பத்தவில்லை. தலையை நெஞ்சுக்குள் இழுத்தார், முதுகை வளைத்தார், வயிற்றை எக்கினார். பெரிய பீரோவைச் சின்னக் கதவு வழியாக நுழைப்பது அவர் தொழில். தன்னையும் அப்படியே நுழைத்துக்கொண்டார். பொறந்த குழந்தை மாதிரிக் கோட்டுக்குள் கிடந்தார். வேட்டி விலகியதை இழுத்துவிட்டுக்கொள்ளக் கை எட்டவில்லை. மகள் வந்து இழுத்து மூடிவிட்டாள்.

"எப்பவும் இப்படித்தான் படுப்பீங்களா?"

"இப்படித்தான் சார். இதான் சொகம்."

ஆய்வாளர் சுற்றிவந்து பார்த்தார். "பொருந்துகிறார்" என்றார். பரிசு அதிகாரி எழுதிக்கொண்டார். மேலாளர் கை குலுக்க வந்தார். வண்டிக்காரருக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீடு வந்தது. சாமான் ஏற்றி இறக்க மகள் வேறு வண்டி பேசியிருந்தாள். வண்டிக்காரர் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். முதல் ஆணியை மாப்பிள்ளைதான் அடித்தார் என்று கேள்விப்பட்டார்.

வாடகைக்கு ஆள் தேடினார்கள். வந்தவர்களெல்லாம் பின் அறையைப் பார்த்தார்கள், கையை விரித்து அளந்தார்கள், "கட்டில் நுழையாதுங்க" என்று போய்விட்டார்கள். ஒரு பையன் தரையில் படுத்துக்கொள்கிறேன் என்றான். தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் ஓடுவதைக் கேட்டுவிட்டு அவனும் போனான். வங்கிக்குப் பொறுக்கவில்லை. வாடகைக்காரரைக் காட்டு, இல்லாவிட்டால் வட்டியைக் கூட்டுவோம் என்று ஆளை அனுப்பினார்கள்.

ஒரு சாயங்காலம் மகள் டயர் கடை மாடி ஏறி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ரூமுக்கு ஆளே கெடைக்கலப்பா" என்றாள். "யார் கட்டிலுக்கும் எடம் பத்தல."

வண்டிக்காரர் தன் கட்டிலைப் பார்த்தார். ஊரிலேயே அந்த அறைக்குள் போகிற கட்டில் ஒன்றுதான் இருந்தது.

"வாடகை எவ்ளோம்மா?" என்றார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

வங்கியில் இதற்கு ஆட்சேபம் வரும் என்று பயந்துதான் போனார்கள். பரிசு அதிகாரி கையை விரித்தார். "நன்கொடையாளர் தங்கக் கூடாதுன்னுதான் சட்டம். வாடகைக்காரர் தங்கலாம். ரெண்டு பேரும் ஒரே ஆளான்னு நான் பாக்க முடியாது. நான் பரிசுப் பிரிவு. வாடகைப் பிரிவு மாடில இருக்கு. நாங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதில்ல."

"பூட்டு போட வர்றப்ப அழுதா?" என்றார் வண்டிக்காரர். அவருக்கு அந்த ஊழியன் ஞாபகம் போகவில்லை.

"வாடகைக்காரரக் காலி பண்ண வேற ஆளுங்க இருக்காங்க. அவங்க அழ மாட்டாங்க."

மாடியில், வாடகைக்காரர் அட்வான்ஸ் கட்டியதைக் காட்டு என்றார்கள். வண்டிக்காரரிடம் ஏது? உள்ளதை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மகள் திரைச்சீலை தைத்துச் சேர்த்ததை எடுத்து அப்பா கையில் வைத்தாள். வாடகைப் பிரிவுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது கடனா, பரிசா?" என்று கேட்டு, இரண்டு பேரையும் மறுபடி பரிசுப் பிரிவுக்கே இறக்கி அனுப்பினார்.

அதே கண்ணாடி மேசை. அதே பேனா.

"உங்க அப்பாவுக்குக் குடுக்கற இந்தப் பணத்துக்கு உங்களுக்கு எதிர்பார்ப்பு எதாவது உண்டாம்மா?"

மகள் மேசையைப் பார்த்தாள். காது சிவந்தது. "இல்ல சார்" என்றாள்.

தான் சொன்னபோது எவ்வளவு பச்சைப் பொய்யாகத் தெரிந்திருக்கும் என்று வண்டிக்காரர் அப்போதுதான் கண்டார். ஒரே குடும்பம், பொய்யும் ஒரே ஜாடை. அதிகாரி, "திருப்தி" என்று எழுதிக்கொண்டார்.

கட்டில் அறைக்குள் போனது. விரற்கடை பிசகவில்லை.

ஒன்றாம் தேதி காலையில் கதவுக்கு அடியில் நிழல் தெரிந்தது. கிரீஸ் வாசனை. மாப்பிள்ளை நிற்கிறார். தட்டவில்லை. வாடகைக்காரரும் திறக்கவில்லை. பிறகு வண்டிக்காரர் பணத்தை மடித்துக் கதவுக்கு அடியில் தள்ளினார். அந்தப் பக்கம் ஒரு கை அதைச் சத்தமில்லாமல் எடுத்தது.

"மாமா."

"என்ன மாப்ள?"

"ரசீது போடணும். வங்கில கேப்பாங்க."

"போடுங்க."

"சாப்பாடு ஆறுதாம். அவ வரச் சொன்னா."

"வரேன். பழம் வாங்கிட்டு வந்துடறேன்."

"பழம் வேணாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. அதற்குமேல் நிற்க முடியாமல் நிழல் போய்விட்டது.

வண்டிக்காரர் உடனே எழுந்து போகவில்லை. முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு போகலாம் என்று கட்டிலில் சாய்ந்தார். பழைய ஞாபகத்தில் காலை நீட்டினார். விரல் சுவரில் இடித்தது. மகளின் சொந்தச் சுவர். காலை மெல்ல இழுத்துக்கொண்டார். முழங்காலை மடக்கி, தலையை உள்வாங்கி, முதுகை வளைத்தார்.

பொருந்தினார்.